நாளைய விலை – 17: செஞ்சிக் கரும்பும் சுவிஸ் ஃபிராங்கும்

இதுவரை: ஒசாகாவின் டோஜிமா அரிசிச் சந்தைக்கு 1730இல் ஜப்பானிய ஆட்சி அனுமதி தந்தது. 1848இல் சிகாகோ வர்த்தகக் கழகம் பிறந்தது. விலை ஏறும், இறங்கும் என்பதன் மேல் பம்பாய்ப் பருத்தி வியாபாரிகள் செய்த தேஜி-மந்தி ஒப்பந்தங்கள் நீதிமன்றப் படியேறின. இந்தியாவில் பங்குகளின் முன்பேரத்துக்கு 1969இல் விழுந்த தடை, முப்பது ஆண்டு கழித்துத்தான் விலகியது. எல்.சி. குப்தா குழு டெரிவேட்டிவ் வணிகம் பற்றி 1998இல் அறிக்கை தந்தது. மறு ஆண்டே பங்கு ஒப்பந்தங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தில் 18ஏ என்ற புதிய பிரிவு நுழைந்தது. 2000 ஜூனில் மும்பையில் குறியீட்டு ஃப்யூச்சர்ஸ் வணிகம் தொடங்கியது.

அந்த 18ஏ பிரிவு காவல் நின்றது, பங்குச் சந்தையின் கூரைக்கு உள்ளே நடக்கும் பேரங்களுக்கு. கூரைக்கு வெளியே, ஒரு வங்கியும் ஒரு கம்பெனியும் தங்களுக்குள் எழுதிக்கொள்ளும் டெரிவேட்டிவ் ஒப்பந்தம் சட்டப்படி செல்லுமா?

அந்தக் கேள்வியை சென்னை உயர் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனது ஒரு சர்க்கரை ஆலை. அதன் கரும்பு வருகிற சீமைகளில் ஒன்று செஞ்சி.

● ● ●

செஞ்சி வட்டாரத்தில் தளவானூர் என்றால் வரலாறு படித்தவர்களுக்கு ஒரு குன்றும் ஒரு குடைவரையும் நினைவுக்கு வரும். ஏழாம் நூற்றாண்டில் முதலாம் மகேந்திரவர்மன் குடைந்த கோயில் அது. சத்ருமல்லன் என்பது அவன் பட்டப்பெயர்களில் ஒன்று. கோயிலுக்கும் சத்ருமல்லேசுவரம் என்றே பெயரிட்டு, செய்தவன் யார், செய்தது எது என்பதைக் கல்லிலேயே வெட்டி வைத்தான். எழுதியவன் நினைத்த பொருளும் படிப்பவன் கொள்ளும் பொருளும் ஒன்றாகவே இருக்கிற வாசகம்.

ஏறத்தாழ பதினான்கு நூற்றாண்டு கழித்து, அதே செஞ்சிச் சீமையில் கரும்பு வாங்கும் கம்பெனி ஒன்று கையெழுத்திட்ட பத்திரம் அப்படிப்பட்டதாக இல்லை. கையெழுத்திட்ட இரண்டு தரப்பினரும் அதற்கு நேரெதிரான பொருள் சொன்னார்கள்.

கம்பெனியின் பெயர் ராஜஸ்ரீ சுகர்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ். தலைமையகம் கோயம்புத்தூர். முதல் ஆலை தேனிப் பக்கம், வைகை அணையருகே. விழுப்புரம் மாவட்டத்தில் முண்டியம்பாக்கத்தில் ஓர் ஆலை, செஞ்சி வட்டம் செம்மேட்டில் இன்னோர் ஆலை. செஞ்சி, விழுப்புரம் பக்கத்துக் கரும்பு விவசாயிகளுக்கு நெடுநாள் பழகிய பெயர்.

கரும்பு போடுகிறவர் நட்டதும் ஆலையில் பதிவு செய்வார். பத்துப் பன்னிரண்டு மாதம் கழித்து, ஆலையிலிருந்து வெட்டு உத்தரவு வரும். அதன் பிறகுதான் ஆள் விட்டு வெட்டி வண்டியேற்ற முடியும். இன்று வாக்கு, நாளை சரக்கு: இந்த அளவில் அந்தப் பதிவும் முன்பேரத்துக்கு உறவுதான். ஆனால் அதற்குக் காவலாக 1966ஆம் ஆண்டின் கரும்புக் கட்டுப்பாட்டு ஆணை இருக்கிறது. குறைந்தபட்ச விலையை அரசு அறிவிக்கும். பிழிதிறன் கூடினால் விலையும் கூடும். கரும்பு கொடுத்த 14 நாளுக்குள் பணம் வர வேண்டும். அந்த 14 நாள் எத்தனை முறை காற்றில் போயிருக்கிறது என்பதைக் கரும்பு விவசாயிகள் சங்கங்களின் போராட்ட வரலாறு சொல்லும். ஆனாலும் சட்டம் எதைச் சொல்கிறது என்பதில் விவசாயிக்குக் குழப்பம் இல்லை.

ஆலை முதலாளியின் மேசைக்கு வந்த ஒப்பந்தத்தில் அந்தத் தெளிவு இல்லை. எந்தச் சட்டம் அதற்குக் காவல் என்பதே வழக்காடி முடிவு செய்ய வேண்டியதாயிற்று.

● ● ●

காலத்தைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். 2006-07 பருவத்தில் இந்தியாவின் சர்க்கரை உற்பத்தி ஏறத்தாழ 283 லட்சம் டன். அதுவரை கண்டிராத விளைச்சல். 2006 நடுவில் மத்திய அரசு சர்க்கரை ஏற்றுமதியைத் தடை செய்தது. 2007 ஜனவரியில் தடையை விலக்கியபோது உலகச் சந்தை விலையும் இறங்கியிருந்தது. உள்ளூரில் தேக்கம், வெளியூரில் விலையில்லை.

அதே ஆண்டில் இன்னொன்றும் நடந்தது. ஜனவரியில் டாலருக்கு 44 ரூபாய்க்கு மேல் இருந்த மதிப்பு, நவம்பரில் 40க்கும் கீழே வந்தது. ரூபாய் வலுப்பெற்றது நாட்டுக்குப் பெருமையாகப் பேசப்பட்டது. ஆனால் டாலரில் விலைப்பட்டியல் போடும் திருப்பூர் பனியன் கம்பெனிக்கு அதே சரக்கு, அதே உழைப்பு, கையில் வரும் ரூபாய் மட்டும் நூற்றுக்குப் பத்து குறைவு.

இந்த நேரத்தில்தான் வங்கிகளின் கருவூலப் பிரிவு அதிகாரிகள் கம்பெனிகளின் கதவைத் தட்டினார்கள். அவர்கள் கையில் இருந்த சரக்கின் பெயர் டெரிவேட்டிவ்.

வேறொன்றின் விலையைச் சார்ந்து தன் மதிப்பைப் பெறும் ஒப்பந்தம் எதுவோ, அது டெரிவேட்டிவ். ஆறு மாதம் கழித்து இந்த விலைக்கு டாலர் தருகிறேன், வாங்கிக்கொள் என்று இருவர் தமக்குள் முடித்துக்கொண்டால் ஃபார்வர்டு. அதையே சந்தையில், ஒரே மாதிரியான அளவில், முன்பணம் கட்டி வாங்கி விற்றால் ஃப்யூச்சர்ஸ். வட்டியையோ நாணயத்தையோ மாற்றிக்கொண்டால் ஸ்வாப். வாங்கும் உரிமையோ விற்கும் உரிமையோ மட்டும் பெற்று, கட்டாயமின்றி இருப்பது ஆப்ஷன். உரிமை பெறுபவர் பிரீமியம் கட்டுவார். உரிமை தருபவர் பிரீமியத்தை வாங்கிக்கொண்டு, எதிராளி கேட்கும் நாளில் சொன்னதைச் செய்தாக வேண்டும்.

கடைசி வாக்கியத்தில்தான் ஆபத்து இருந்தது. ஆப்ஷனை வாங்கியவருக்கு நட்டம் கட்டிய பிரீமியத்தோடு நிற்கும். எழுதிக் கொடுத்தவருக்கு நட்டம் எங்கே நிற்கும் என்பதை யாரும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. 2007இல் தமிழகக் கம்பெனிகள் பல, தாங்கள் பாதுகாப்பு வாங்குகிறோம் என்று நம்பிக்கொண்டு ஆப்ஷனை எழுதிக் கொடுத்தன. பிரீமியம் கட்ட வேண்டாம், செலவில்லாத திட்டம் என்று சொல்லி விற்கப்பட்டதன் உட்பொருள் அதுதான்.

● ● ●

இதற்கெல்லாம் தாய்ப்பத்திரம் ஒன்று உண்டு. 1985இல் தொடங்கிய சர்வதேச ஸ்வாப் வணிகர்கள் சங்கம், சுருக்கமாக இஸ்டா, வகுத்த மாதிரி ஒப்பந்தம் அது. உலகின் எந்த மூலையில் இருக்கும் வங்கியும் இதில்தான் கையெழுத்து வாங்கும். முதலில் பொது ஒப்பந்தம். பிறகு இரு தரப்பும் தங்களுக்கு வேண்டியதைத் திருத்திக்கொள்ளும் அட்டவணை. கடைசியாக ஒவ்வொரு பேரத்துக்கும் ஓர் உறுதிக்கடிதம். மூன்றும் சேர்ந்து ஒரே ஒப்பந்தம் என்று முதல் பக்கத்திலேயே எழுதியிருக்கும்.

உறுதிக்கடிதம் ஒன்றிரண்டு பக்கம்தான், கம்பெனிகள் படிக்கும். அட்டவணையைப் படிப்பவர் குறைவு. அங்கேதான், நான் சுயமாக யோசித்து முடிவெடுத்தேன், வங்கியின் ஆலோசனையை நம்பி இறங்கவில்லை என்று ஒப்புக்கொள்ளும் வாசகம் வழக்கமாக இருக்கும். பின்னால் வங்கி என்னை ஏமாற்றியது என்று சொல்ல வருபவரின் வாயை அடைப்பது அந்த வாசகமே. இவ்வளவு பாரமான வாசகத்தை, பொது ஒப்பந்தத்தின் பின்னால் தைத்த தாள்களில் வைப்பது நியாயமான வழக்கம் என்று சொல்வதற்கில்லை.

ராஜஸ்ரீ சுகர்ஸ் இஸ்டா ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது 2004 மே மாதம். எதிர்த்தரப்பு, அப்போது யுடிஐ வங்கி என்ற பெயரில் இருந்த ஆக்சிஸ் வங்கி. அந்த ஒப்பந்தத்தின் கீழ் மொத்தம் பத்து பேரங்கள். பத்தாவது, 2007 ஜூன் 22 அன்று.

அன்று டாலருக்கு ஏறத்தாழ 1.23 சுவிஸ் ஃபிராங்க். பத்தாவது பேரம் இந்த டாலர்-ஃபிராங்க் மதிப்பின் மேல் கட்டப்பட்டது. அதன் அமைப்பு, எழுத்தில் எளியது: குறித்த காலத்துக்குள் மதிப்பு ஓர் எல்லைக்கோட்டைத் தொடாமலிருந்தால் கம்பெனிக்கு ஒரு சிறு தொகை லாபம். தொட்டுவிட்டால், முன்பே முடிவான விலையில் பெருந்தொகை டாலரைக் கம்பெனி வாங்கியாக வேண்டும்.

கணக்கு புரிவதற்காக, வழக்கின் எண்களை விட்டுவிட்டு ஒரு மாதிரிக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். கோட்டைத் தொடாவிட்டால் 50,000 டாலர் லாபம். 40 ரூபாய் மதிப்பில் 20 லட்சம் ரூபாய். தொட்டால் ஒரு கோடி டாலரை 1.20 ஃபிராங்க் விலையில் வாங்க வேண்டும். டாலர் ஒரு ஃபிராங்குக்கு இறங்கிவிட்டால் டாலருக்கு 0.20 ஃபிராங்க் நட்டம். ஒரு கோடிக்கு 20 லட்சம் ஃபிராங்க். ரூபாயில் 8 கோடி. லாபம் 20 லட்சத்தில் நிற்கும். நட்டம், டாலர் இறங்க இறங்க ஏறிக்கொண்டே போகும்.

இந்த ஏற்றத்தாழ்வைத் தெரிந்தேதான் கையெழுத்திட்டார்களா? ஐரோப்பாவில் நிம்மதியாக உறங்கிக்கொண்டிருந்த ஒரு நாணயம் விழித்தெழும் என்று அந்த ஜூன் மாதத்தில் எண்ணியவர் சிலரே. ஃபிராங்க் பல மாதங்களாக அசையாமல் இருந்ததே இந்தச் சரக்கை விற்பதற்கு வசதியாக இருந்தது.

● ● ●

2007 ஆகஸ்டில் அமெரிக்க வீட்டுக்கடன் நெருக்கடி வெடித்தது. பணம் அமெரிக்காவை விட்டுப் பாதுகாப்பான இடம் தேடி ஓடியது. சுவிட்சர்லாந்து அப்படி ஓர் இடம். ஃபிராங்க் ஏறியது, டாலர் சரிந்தது.

2008 மார்ச் நடுவில் டாலர் ஒரு ஃபிராங்குக்கும் கீழே போனது. வரலாற்றில் அதற்கு முன் அப்படி நடந்ததில்லை. மார்ச் 16, ஞாயிற்றுக்கிழமை, மூழ்கவிருந்த நியூயார்க்கின் பேர் ஸ்டெர்ன்ஸ் நிறுவனத்தை ஜே.பி. மார்கன் வாங்குவதாக அறிவித்தது. மறுநாள் டாலர் இன்னும் விழுந்தது.

திருப்பூரிலும் கோவையிலும் சென்னையிலும் கம்பெனிகளுக்கு வங்கிகளிடமிருந்து கடிதங்கள் வந்தன. சந்தை மதிப்புப்படி உங்கள் நட்டம் இவ்வளவு, ஈடு கட்டுங்கள் என்றன அவை. பனியன் தைத்தவரும், பிரேக் லைனிங் செய்தவரும், கரும்பு ஆட்டியவரும் தங்கள் தொழிலுக்குச் சம்பந்தமில்லாத யென், ஃபிராங்க் விலைகளை இணையத்தில் மணிக்கொரு தடவை பார்க்கத் தொடங்கினார்கள். பலர் நீதிமன்றம் போனார்கள். ராஜஸ்ரீ சுகர்ஸும் போனது. பத்தாவது பேரம் செல்லாது என அறிவிக்க வேண்டும், அதுவரை வங்கி பணம் வசூலிக்கத் தடை வேண்டும் என்பது அதன் கோரிக்கை.

வழக்கு நீதிபதி வி. ராமசுப்பிரமணியன் முன் வந்தது. பின்னாளில் உச்ச நீதிமன்றத்துக்குப் போனவர். கிரிப்டோ நாணய வணிகத்துக்கு ரிசர்வ் வங்கி போட்டிருந்த முட்டுக்கட்டையை 2020 மார்ச்சில் ரத்து செய்த தீர்ப்பை எழுதியவரும் இவரே. ஆங்கிலச் சொற்களுக்கு நல்ல தமிழ் தேடி தினமணியில் ‘சொல் வேட்டை’ என்ற தொடர் எழுதியவர் என்பதால் தமிழ் வாசகருக்கும் அறிமுகமானவர். சொல்லின் பொருளைத் துருவிப் பார்க்கும் ஒருவரின் கையில், சொற்பொருளே உயிராக இருந்த வழக்கு போய்ச் சேர்ந்தது.

● ● ●

கம்பெனியின் முதல் வாதம், இது பந்தயம் என்பது. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 30ஆம் பிரிவு: பந்தய உடன்பாடுகள் செல்லாதவை. தோற்றவரிடமிருந்து பணத்தை வசூலிக்க எந்த நீதிமன்றமும் உதவாது. சர்க்கரை விற்கும் கம்பெனிக்கு ஃபிராங்கோடு என்ன வேலை? மதிப்பு கோட்டைத் தொடுமா தொடாதா என்று இருவர் பணம் வைத்தால் அதற்குப் பந்தயம் என்பதைத் தவிர வேறென்ன பெயர்?

அடுத்த வாதம், இது பொதுநலக் கொள்கைக்கு எதிரானது. அந்நியச் செலாவணிச் சட்டமும் ரிசர்வ் வங்கி விதிகளும் உண்மையான வணிகத் தேவை இருந்தால்தான் இத்தகைய ஒப்பந்தத்தை அனுமதிக்கின்றன. அந்த அடிப்படையே இல்லாத பேரத்தை நீதிமன்றம் எப்படிக் காக்கலாம்? வங்கி ஆபத்தை மறைத்துத் தவறாக வழிகாட்டியது என்ற குற்றச்சாட்டும் கூடவே இருந்தது.

சாதாரண வாசகருக்கு முதல் வாதம் உடனே சரியென்று படும். ஆனால் சட்டத்தில் பந்தயத்துக்கு இலக்கணம் கடுமையானது. 1892இல் இங்கிலாந்தில் நீதிபதி ஹாக்கின்ஸ் வகுத்தது இன்றும் எடுத்தாளப்படுகிறது: நிச்சயமில்லாத ஒரு நிகழ்வு பற்றி இருவர் எதிரெதிர் கருத்துக் கொண்டு, ஒருவர் வென்றால் மற்றவர் தோற்பார் என்று முடிவு செய்து, பந்தயப் பணத்தைத் தவிர இருவருக்கும் வேறு எந்த அக்கறையும் இல்லாதிருக்க வேண்டும். இருவருக்கும் என்பதே உயிர்நாடி. ஒருவர் மட்டும் சூதாட்ட மனத்தோடு வந்தால் போதாது. பம்பாய்ப் பருத்தி வழக்குகளிலும் இதே இடத்தில்தான் வியாபாரிகள் தப்பினார்கள். ஊக வணிகம் வேறு, பந்தயம் வேறு என்று நீதிமன்றங்கள் பிரித்தன. 1959இல் கெருலால் பாரக் வழக்கில் உச்ச நீதிமன்றம், பந்தயம் செல்லாதது மட்டுமே, சட்டவிரோதம் ஆகாது என்று இன்னொரு கோடும் போட்டிருந்தது.

இதையெல்லாம் விட வலுவான ஒன்று வங்கியின் கையில் இருந்தது. பத்தாவது பேரத்துக்கு ஐந்து மாதம் முன்பு, 2007 ஜனவரி 9 அன்று, ரிசர்வ் வங்கிச் சட்டத்தின் திருத்தம் அமலுக்கு வந்திருந்தது. 45யு பிரிவு டெரிவேட்டிவ் என்றால் என்ன என்று வரையறுத்தது. 45வி பிரிவு, வேறெந்தச் சட்டம் என்ன சொன்னாலும் சரி, ரிசர்வ் வங்கி குறிப்பிட்ட டெரிவேட்டிவ்களில் ஒரு தரப்பாவது பட்டியலிட்ட வங்கியாக இருந்தால் அந்தப் பேரம் செல்லும் என்றது. பழைய பேரங்களும் தொடக்கம் முதலே செல்லுபடியானவையாகக் கருதப்படும் என்றும் சேர்த்துக்கொண்டது.

கரும்புச் சீமையில் இதை யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். டெல்லியில் நிறைவேறிய, சில வாக்கியங்களே உள்ள சட்டத் திருத்தம், சென்னையில் பின்னர் நடக்கவிருந்த வழக்கின் பாதியை முன்கூட்டியே முடித்துவிட்டது. இந்த வழக்கின் உண்மையான திருப்புமுனை, ஃபிராங்க் ஏறிய நாளைவிட, அந்த ஜனவரி நாளில்தான் இருக்கிறது.

● ● ●

2008 அக்டோபர் 14. நியூயார்க்கின் லேமன் பிரதர்ஸ் நிறுவனம் மூழ்கி ஒரு மாதம் ஆகவில்லை. உலகம் முழுவதும் டெரிவேட்டிவ் என்ற சொல்லே வசைச்சொல்லாகிவிட்ட நாட்களில் தீர்ப்பு வந்தது.

முதல்நிலைப் பார்வையில் இந்தப் பேரம் பந்தயமாகாது. பொதுநலக் கொள்கைக்கு எதிரானதும் ஆகாது. கம்பெனி கேட்ட தடையாணை கிடையாது.

தீர்ப்பின் நீளத்தில் பெரும்பகுதி டெரிவேட்டிவ் என்பது என்ன, அதை யார் எதற்குப் பயன்படுத்துகிறார்கள் என்ற விளக்கம். இடர்காப்புக்காக வருபவர், ஊகத்துக்காக வருபவர், இரண்டு சந்தைகளின் விலை வேறுபாட்டில் லாபம் பார்ப்பவர் என்ற பகுப்பு அதில் வருகிறது. இன்றும் இந்தியாவில் இந்தத் துறையில் வழக்காடும் எந்த வக்கீலும் தாண்டிப் போக முடியாத தீர்ப்பு இது. சட்டத்தின் கண்ணில் தீர்ப்பு உறுதியாக நின்றது. பத்து பேரங்களில் பத்தாவதை மட்டும் பந்தயம் என்று சொல்வது கம்பெனிக்கு எளிதாக இருக்கவில்லை.

ஆனால் ஒரு காகிதம் பாக்கி இருக்கிறது.

2007 ஏப்ரல் 20 அன்று, அதாவது பத்தாவது பேரத்துக்கு இரண்டே மாதம் முன்பு, ரிசர்வ் வங்கி டெரிவேட்டிவ் குறித்த விரிவான வழிகாட்டுதல்களை வெளியிட்டிருந்தது. வாங்குபவரின் தொழிலுக்கு இந்தச் சரக்கு பொருந்துமா, ஆபத்தை அவர் புரிந்துகொண்டாரா, அவருடைய இயக்குநர் குழு ஏற்ற இடர் மேலாண்மைக் கொள்கை இருக்கிறதா என்பதை விற்கும் முன் வங்கியே சோதிக்க வேண்டும் என்றது அது. செல்லுமா, செல்லாதா என்பது ஒரு கேள்வி. விற்கத் தகுமா, தகாதா என்பது வேறு கேள்வி. கரும்பு ஆட்டும் கம்பெனிக்கும் பனியன் தைக்கும் கம்பெனிக்கும் எல்லையில்லா நட்டமுள்ள ஆப்ஷனை எழுத வைத்த முறையில் இரண்டாவது கேள்விக்கே முதலிடம் தந்திருக்க வேண்டும். வாதங்களின் பெரும்பாரம் முதல் கேள்வியின் மேல் விழுந்ததால், இரண்டாவது கேள்வி நீதிமன்ற வாசலிலேயே நின்றது.

அந்தக் கேள்வியைக் கையிலெடுக்க ரிசர்வ் வங்கிக்கு மேலும் இரண்டரை ஆண்டு ஆயிற்று. 2011 ஏப்ரல் 26 அன்று, டெரிவேட்டிவ் விற்பனையில் விதிகளை மீறியதற்காக 19 வங்கிகள் மீது ஒரே நாளில் அபராதம் விழுந்தது. ஒவ்வொரு வங்கிக்கும் 5 லட்சம் முதல் 15 லட்சம் ரூபாய் வரை. கம்பெனிகள் இழந்தது கோடிக்கணக்கில் இருக்க, வங்கிகள் கட்டியது லட்சக்கணக்கில். மீறல் நடந்தது என்று ஒழுங்குமுறை அமைப்பே ஒப்புக்கொண்ட பிறகு, பணம் கட்டிய கம்பெனிகளுக்கு அந்த உத்தரவால் என்ன கிடைத்தது? அதே காலத்தில் ஒடிசா உயர் நீதிமன்றத்தில் டெரிவேட்டிவ் பற்றிய ஒரு பொதுநல வழக்கு எழுப்பிய புயல் எங்கே போய் ஓய்ந்தது?

(அடுத்த வாரம்: பத்தொன்பது வங்கிகள்)